பின் கட்டிடத்தில் கைபேசி ஒலிக்காத பிற்பகல்

அனுப்புநர்:
வலையமைப்புப் பராமரிப்பாளர்,
பணியாளர் எண் 317,
தரைத்தளம், முதன்மைக் கட்டிடம்,
மறுவாழ்வு மருத்துவமனை.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
மறுவாழ்வு மருத்துவமனை.

பொருள்: பிப்ரவரி 10 அன்று பின் கட்டிட முதல் மாடியில் நோயாளி ஒருவர் விழுந்தது – வார்டு உதவியாளர் மீதான நடவடிக்கையைக் கைவிடக் கோருதல் – உண்மையில் தவறு செய்த வலையமைப்புப் பராமரிப்பாளர் மீது, அதாவது என் மீது, புகார் அளித்தல் – கன்ட்ரோலர் இணைப்பு அறுந்தாலும் வார்டுகளில் வைஃபை நிற்காதிருக்க ஆணையிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. விசாரணைக் குழு முன் பிப்ரவரி 19 அன்று நான் அளித்த வாக்குமூலம்.
2. வார்டு உதவியாளருக்கு மார்ச் 4 அன்று அனுப்பப்பட்ட, விளக்கம் கோரும் கடிதம்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். புகார் மனுவில் எழுதுபவர் ஒருவராகவும் குற்றம் சாட்டப்படுபவர் வேறொருவராகவும் இருப்பது வழக்கம். இம்மனுவில் இருவரும் நானே. ஆகவே நடை சற்று முன்பின்னாக இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். வரும் 16ஆம் தேதி திங்கட்கிழமை வார்டு உதவியாளரின் பணிநீக்கம் குறித்து முடிவெடுக்கப்பட உள்ளதால், அதற்கு முன் இதைத் தாங்கள் முழுமையாகப் படிக்க வேண்டும் என்பதே என் முதல் விண்ணப்பம்.

1. நான் இங்கு பதினோரு ஆண்டுகளாக வலையமைப்பைப் பராமரித்து வருகிறேன். நம் பின் கட்டிடம் சாலைக்கு மறுபுறம் இருப்பது தாங்கள் அறிந்ததே. அதன் இரண்டு தளங்களிலும் கூரையில் பதினோரு வெள்ளை வட்டப் பெட்டிகள் பொருத்தப்பட்டுள்ளன. கோப்புகளில் அவற்றின் பெயர் ஆக்சஸ் பாயிண்ட். வார்டில் அவற்றைத் தட்டு என்பார்கள், கவிழ்த்து வைத்த சாப்பாட்டுத் தட்டு போல இருப்பதால். வைஃபை அலையைப் பரப்புவது அவற்றின் வேலை. அவற்றுக்கு வேலை சொல்லும் கன்ட்ரோலர் என்னும் கருவி முதன்மைக் கட்டிடத்தில் என் அறையில் உள்ளது. சாலைக்கு அடியில் செல்லும் ஒரே ஒரு கேபிள்தான் இரண்டையும் இணைக்கிறது.

2. நோயாளி தம் கட்டிலருகே உள்ள பொத்தானை அழுத்தினால், அதே கட்டிடத்தில் செவிலியர் மேசைக்குப் பின்னால் அலமாரியில் இருக்கும் சிறு பெட்டிக்குத் தகவல் போகும். அது தட்டுகளின் வழியாக வார்டு உதவியாளரின் கைபேசியை ஒலிக்கச் செய்யும். பொத்தான், பெட்டி, தட்டு, கைபேசி நான்கும் ஒரே கூரையின் கீழ் இருப்பவை. ஆகவே சாலைக்கு அடியில் கேபிள் அறுந்தாலும் கைபேசி ஒலித்திருக்க வேண்டும். தட்டுகளில் அதற்கு வசதி உண்டு. கன்ட்ரோலருடன் தொடர்பு அற்றுப்போனால், கடைசியாகச் சொல்லப்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டு தாமே தொடரலாம். இல்லாவிட்டால் அலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். இரண்டில் எது என்பதை ஒரு சிறு கட்டத்தில் இடும் குறி முடிவு செய்கிறது. அந்தக் குறியை "நிறுத்து" என்பதில் இட்டவன் நான்.

3. ஏன் அப்படி இட்டேன் என்பதைச் சொல்லக் கூசுகிறது. சென்ற ஜூலையில் ஒரு காலை, கன்ட்ரோலரின் மென்பொருளைப் புதுப்பித்தேன். அந்த ஒரு மணி நேரமும் தட்டுகள் தாமே அலையைப் பரப்பிக்கொண்டிருந்தன. ஆனால் அலுவலர்கள் நுழைவுச்சொல் இடும் பக்கம் கன்ட்ரோலரில் இருந்ததால், எல்லோருடைய போனிலும் சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரிந்தும் இணையம் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் எனக்கு நாற்பத்து மூன்று அழைப்புகள் வந்தன. மருந்தகம், கணக்குப் பிரிவு, மருத்துவர்கள், என் எண் எங்கிருந்து கிடைத்ததோ தெரியாத ஒரு நோயாளியின் மருமகள் வரை. சிக்னல் ஃபுல்லாக இருக்கும்போது நெட் ஏன் இல்லை, நீங்கள் அங்கே உட்கார்ந்து என்னதான் செய்கிறீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

அன்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். கோடு தெரிந்து நெட் வராவிட்டால் மனிதர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். கோடே தெரியாவிட்டால் "போயிடுச்சு, வரும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். ஆகவே இனி கன்ட்ரோலர் போனால் கோடும் போகட்டும் என்று குறியை மாற்றினேன். என் போன் ஓய்ந்தது. நவம்பர் மாதக் கூட்டத்தில் மிகக் குறைந்த புகார்கள் வந்த பிரிவு என்று தாங்களே என்னை மேடைக்கு அழைத்துச் சான்றிதழ் வழங்கினீர்கள். தலை வணங்கி வாங்கிக்கொண்டேன். கை தட்டினார்கள். என் அமைப்பு முறையை எழுதி வாங்கி, வேறு நான்கு மருத்துவமனைகளுக்கும் நகல் அனுப்பினார்கள். அந்தக் குறியை இட்டபோது என் போன் மட்டுமே நினைவில் இருந்தது. வார்டில் இடுப்பில் செருகிக்கொண்டு அலைபவர்களின் கைபேசி நினைவுக்கே வரவில்லை.

4. மேலும் ஒன்று. அரையாண்டுச் சோதனைத் தாளில் ஒன்பதாவது வரி "இணைப்புத் துண்டிப்புச் சோதனை" என்பது. கேபிளை உண்மையாகவே கழற்றி, வார்டில் என்ன நிற்கிறது, என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். கழற்றினால் அழைப்புகள் குவியும் என்ற பயத்தில் ஒருமுறைகூட நான் அதைக் கழற்றியதில்லை. டிசம்பர் தாளில் அந்த வரிக்கு நேரே ஒரு டிக் போட்டு, "திருப்தி" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அதற்கு மூன்று விநாடி ஆகியிருக்கும்.

5. இனி பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 2.40க்கு, சாலையில் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டிய இயந்திரம் நம் கேபிளை அறுத்துவிட்டது. என் திரையில் பின் கட்டிடத் தட்டுகள் பதினொன்றும் சிவப்பாயின. உடனே சாலைக்கு ஓடினேன், கேபிள் ஒட்டும் ஆட்களை அழைத்தேன், பள்ளத்தின் ஓரத்தில் நின்றேன். பின் கட்டிட வாசல் அங்கிருந்து முப்பது அடிதான். படியேறிப் போய், கைபேசிகள் வேலை செய்யாது, நோயாளிகளை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்பதையே நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

6. அதே நேரத்தில் முதல் மாடியில் வார்டு உதவியாளர் கடைசி அறையில் ஒரு நோயாளியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். வார்டில் அவரை ஓட்டக்கார அக்கா என்று கேலியாக அழைப்பார்கள், முதல் ஒலிக்கே ஓடுவதால். ஒன்பது ஆண்டுகளில் அவர் மீது ஒரு புகார்கூட இல்லை. பதினான்காம் கட்டிலில் இருந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், பக்கவாதத்தால் வலது கால் வலுவிழந்தவர். அழைப்புப் பொத்தானை அவர் ஹாரன் என்றுதான் சொல்வார். அவர் 2.52, 2.55, 2.59 என மூன்று முறை அழுத்தினார். கைபேசி ஒலிக்கவில்லை. கழிவறை அவசரத்தைப் பொறுக்க முடியாமல் தாமே எழுந்து, கதவருகே விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தது.

அலை விட்டுப்போனால் கைபேசி "டிக்" என்று ஓர் ஒலி எழுப்பும். மின்தூக்கியில் போகும்போதெல்லாம் அது தொல்லை செய்கிறது என்று வார்டில் சொன்னதால், அதையும் நான்தான் முன்பே நிறுத்தி வைத்திருந்தேன். ஆகவே கைபேசி செத்துப்போனது அவருக்குத் தெரிய எந்த வழியும் இல்லை.

7. 3.20 மணியளவில் பின் கட்டிட வாசலிலிருந்து ஸ்ட்ரெச்சர் வந்தது. சாலையைக் கடந்து எலும்பு மருத்துவப் பிரிவுக்குப் போக வேண்டும். என் கேபிள் சுருள் வழியில் கிடந்தது. நான் குனிந்து அதை இழுத்து ஓரத்தில் போட்டு வழி விட்டேன். ஓட்டக்கார அக்கா ஈர உடையோடு ஸ்ட்ரெச்சரின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார், போர்வை நழுவாமல் ஒரு கையால் பிடித்தபடி. அவர் இடுப்பில் கைபேசி செருகியிருந்தது. அதைப் பார்த்த நொடியில்தான் எனக்கு அந்தக் குறி நினைவுக்கு வந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

8. கேபிள் மாலை 6.10க்கு ஒட்டப்பட்டது. மறுநாள் காலை அந்தக் கைபேசிக்கு எல்லோர் முன்னிலையிலும் அழைத்துப் பார்த்தார்கள். நன்றாக ஒலித்தது. அலமாரிப் பெட்டியின் பதிவில் மூன்று அழைப்புகளுக்கு நேரேயும் "அனுப்பப்பட்டது" என்று இருந்தது. ஒலிக்கவில்லை என்று அவர் சொன்னது பொய் என்றாகி, அன்றே பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். கீழ்த்தள உதவியாளர், தம் கைபேசியிலும் அன்று பிற்பகல் ஓர் அழைப்புக்கூட வரவில்லை என்றார். அங்கே யாரும் பொத்தானை அழுத்தியதாகப் பதிவு இல்லாததால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. விசாரணையில் ஓட்டுநர் கட்டிலில் படுத்தபடியே, "மூணு தடவ ஹாரன் அடிச்சேன். வர அவளுக்கு மனசு இல்ல" என்றார்.

9. பின்பு என்னை அழைத்தார்கள். கைபேசி நல்ல நிலையில் இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது என்றேன். அன்று பின் கட்டிடத் தட்டுகள் நின்றதாகப் பதிவு உண்டா என்று கேட்டார்கள். தொடர்பு இல்லை என்றுதான் பதிவு உள்ளது, நின்றதாகப் பதிவு இல்லை என்றேன். அது உண்மை. தொடர்பே இல்லாத கன்ட்ரோலர் எதைத்தான் பதிவு செய்யும்? கேபிள் அறுந்தால் தட்டுகள் தாமே இயங்குமா என்று குழுவின் மூத்த மருத்துவர் கேட்டார். அந்த வசதி அவற்றில் உண்டு என்றேன். அதுவும் உண்மை. அந்த வசதியை நான் நிறுத்தி வைத்திருந்தேனா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. நான் சொன்னவற்றில் எந்த வாக்கியமும் பொய் அல்ல என்று அறையை விட்டு வெளியே வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மையீர், மொத்தத்தில் நான் அங்கே சொல்லிவிட்டு வந்தது பொய்தான்.

10. அன்று வீட்டில் சாப்பிடும்போது, நல்லவேளையாக நம் பெயர் வரவில்லை என்று என் மனைவியிடம் சொன்னேன். அவர் சோறு போட்டுக்கொண்டே, "அப்ப யார் பேரு வந்துச்சு?" என்று கேட்டார். இது அலுவல் சார்ந்தது அல்ல என்பதால் மனுவில் சேர்க்கலாமா என்று தயங்கினேன். பிப்ரவரி 19 முதல் இன்றுவரை அந்த ஒரு கேள்வியைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன் என்பதால் சேர்த்துள்ளேன்.

11. மார்ச் 5 அன்று, விளக்கம் கோரும் கடிதம் கிடைத்த மறுநாள், கைபேசியை ஒப்படைத்து ரசீது வாங்க ஓட்டக்கார அக்கா என் அறைக்கு வந்தார். கைபேசியைத் துடைத்து, தாமே தைத்த ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ரசீது எழுதிக்கொண்டிருந்தபோது மெதுவாக, "தம்பி, இத எப்படிப் புடிக்கணும்னு ஒரு தடவ காட்டுங்க. நான்தான் தப்பா எதையோ அமுக்கி வச்சிருப்பேன் போல" என்றார். ஒலிக்கவில்லை என்று எல்லோரிடமும் சாதித்தவர், எல்லோரும் சேர்ந்து ஒலித்தது என்று சொன்னதைக் கேட்டுக் கேட்டு, தம் காதையும் கையையுமே சந்தேகப்படத் தொடங்கியிருந்தார்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நான் கைபேசியை எடுத்து, ஓரத்தில் இருக்கும் ஒலிப் பொத்தானில் விரல் படாமல் பிடிப்பது எப்படி என்று காட்டினேன். அவர் கவனமாகப் பார்த்தார். தம் கையில் வாங்கி, ஒருமுறை பிடித்துக் காட்டி, "இப்படியா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் ரசீதை மடித்து வைத்துக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

என் வாழ்நாளில் நான் செய்த காரியங்களில் இதைவிடக் கேவலமானது எதுவும் இல்லை. விசாரணையில் மழுப்பியதற்குப் பயம் என்று ஒரு காரணமாவது உண்டு. இதற்கு எந்தக் காரணமும் இல்லை.

12. நேற்று, மார்ச் 11 காலை 11 மணிக்கு, வார்டு சிஸ்டரின் சம்மதத்துடன், ஒவ்வோர் அறையிலும் ஓர் ஊழியரை நிறுத்திவிட்டு, ஒன்பதாவது வரியில் உள்ள சோதனையை முதன்முறையாகச் செய்தேன். தங்கள் முன் அனுமதியைப் பெறாதது தவறு. அதையும் என் தவறுகளோடு சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

(அ) முதலில், பிப்ரவரி 10 அன்று இருந்த அதே அமைப்பில் கேபிளைக் கழற்றினேன். நாற்பது விநாடிக்குள் தட்டுகளின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அறுவை சிகிச்சை முடிந்து இம்மாதம் 2ஆம் தேதி வார்டுக்குத் திரும்பியிருந்த ஓட்டுநரையே பொத்தானை அழுத்தச் சொன்னோம். அழுத்தினார். அலமாரிப் பெட்டியில் "அனுப்பப்பட்டது" என்று விழுந்தது. தன்னிடமிருந்து தகவல் புறப்பட்டதும் அந்தப் பெட்டி அப்படி எழுதிவிடும், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காது. சிஸ்டரின் உள்ளங்கையில் கைபேசி சத்தமின்றிக் கிடந்தது. இன்னும் இரண்டு முறை அழுத்தினார். ஒலிக்கவில்லை.

(ஆ) கேபிளைத் திரும்ப மாட்டி, குறியைத் "தொடர்" என்பதற்கு மாற்றினேன். கைபேசியின் நுழைவுச்சொல்லைத் தட்டுகளே நினைவில் வைக்கும்படியும், அழைப்பு கன்ட்ரோலருக்குப் போய்வராமல் அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே போய்ச் சேரும்படியும் செய்தேன். மொத்தம் பன்னிரண்டு நிமிட வேலை. மீண்டும் கேபிளைக் கழற்றினேன். விளக்குகள் பச்சையிலிருந்து மஞ்சளாயின, அணையவில்லை. ஓட்டுநர் அழுத்தினார். கைபேசி ஒலித்தது.

ஓட்டுநர் பொத்தானைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அப்ப அந்தப் பொண்ணுக்கு அன்னைக்குக் கேக்கவே இல்லையா?" என்றார். கேட்கவில்லை ஐயா, தவறு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். இந்த வாக்கியத்தை நான் உரக்கச் சொன்னது அதுவே முதல்முறை. அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் அவள என்னென்னமோ பேசிட்டேனே" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சேர வேண்டிய வெட்கத்தில் ஒரு பங்கை, எந்தத் தவறும் செய்யாத, இடுப்பொடிந்து கிடக்கும் அந்த மனிதருக்கும் கொடுத்துவிட்டேன்.

13. மேற்கண்ட காரணங்களால் தாங்கள் கருணை கூர்ந்து,

வார்டு உதவியாளர் மீதான நடவடிக்கையை 16ஆம் தேதிக்கு முன்பே முழுமையாகக் கைவிட்டு, அவரை அதே வார்டில் மீண்டும் பணியமர்த்தவும், அவர் சொன்னது உண்மை என்று அவர் கோப்பில் எழுத்தில் பதிவு செய்யவும் வேண்டுகிறேன். வெறுமனே மன்னிக்கப்பட்டதாக எழுதிவிட வேண்டாம். மன்னிக்க அவரிடம் எதுவும் இல்லை.

என் வாக்குமூலத்தை ரத்து செய்து, என் மீது விசாரணை நடத்தவும் வேண்டுகிறேன். எந்தக் கேள்வியும் கேட்கப்படாமலே பதில் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

பின் கட்டிடத்தைப் போலவே மற்ற எல்லா வார்டுகளிலும் கன்ட்ரோலர் இணைப்பு போனாலும் தட்டுகள் தொடர்ந்து இயங்க ஆணையிடவும், என் பழைய அமைப்பு முறையைப் பெற்ற நான்கு மருத்துவமனைகளுக்கும் இன்றே தகவல் அனுப்பவும் வேண்டுகிறேன். அங்கேயும் யாரோ ஒருவர் இந்த நிமிடம் ஒலிக்காத கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கக்கூடும். இவ்வாறு செய்தால், கன்ட்ரோலர் இல்லாத நேரத்தில் அலுவலர்களின் போனில் கோடு தெரிந்தும் நெட் வராது. எனக்கோ எனக்குப் பின் வருபவருக்கோ நாற்பத்து மூன்று அழைப்புகள் வரும். வரட்டும். எடுத்துப் பேசுவதும் இந்த வேலைதான்.

இனிமேல் துண்டிப்புச் சோதனைத் தாளில் பராமரிப்பாளர் கையொப்பமிடக் கூடாது. கையில் கைபேசியோடு நின்று, அது ஒலித்ததைத் தம் காதால் கேட்ட வார்டு சிஸ்டரே ஒப்பமிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்புகள்:
1. மார்ச் 11 சோதனைப் பதிவு, வார்டு சிஸ்டரின் ஒப்பத்துடன்.
2. தட்டுகளின் அமைப்பு, ஜூலையில் நான் மாற்றிய நாளும் என் பணியாளர் எண்ணும் தெரியும்படி.
3. டிசம்பர் சோதனைத் தாளின் நகல். ஒன்பதாவது வரியில் "செய்யவில்லை" என்று படித்துக்கொள்ள வேண்டுகிறேன்.
4. நவம்பரில் தாங்கள் வழங்கிய சான்றிதழ், அசல்.

இம்மனுவின் நகல் ஒன்றை வார்டு உதவியாளரிடம் இன்று மாலை அவர் வீட்டுக்கே சென்று நேரில் கொடுக்க இருக்கிறேன். தபாலில் அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கைபேசியை அவர் சரியாகத்தான் பிடித்திருந்தார் என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
வலையமைப்புப் பராமரிப்பாளர்,
பணியாளர் எண் 317.

இடம்: செவிலியர் மேசை, முதல் மாடி, பின் கட்டிடம்.
நாள்: மார்ச் 12, வியாழக்கிழமை.